மாடல்களில் அக்ரிலிக் பெயிண்டை மெலிதாக்குதல்: தண்ணீர் செய்வது என்ன, மீடியம் செய்வது என்ன?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் 1/35 அளவிலான டாங்கி மாடல் ஒன்றுக்கு அடர்பச்சை அடித்திருக்கிறார். வெயிலில் வெளிறிய தோற்றம் வர வேண்டும் என்பதற்காக, அதே பச்சையில் வெள்ளையைக் கலந்து, தண்ணீர் விட்டுக் கரைத்து, தூரிகையால் மெல்லிய அடுக்குகளாகப் பூசியிருக்கிறார். பெயிண்ட் பரவாமல் திட்டுத்திட்டாகத் தேங்கியது. காய்ந்த பிறகு ஒவ்வொரு திட்டின் ஓரத்திலும் கோடு விழுந்தது. விரல் பட்ட இடத்தில் பொடியாக உதிர்ந்தது. தண்ணீருக்குப் பதில் நிறமற்ற மீடியத்தை (நிறமி சேர்க்காத பெயிண்ட் போன்ற திரவத்தை) கலந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். அது வீண் செலவு, தண்ணீரே போதும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டில் எது உண்மை என்பதே கேள்வி.

இரு தரப்பினரும் தத்தம் வேலைக்குச் சரியானதையே சொல்கிறார்கள். குழப்பம் எங்கே வருகிறது என்றால், பெயிண்டை மெலிதாக்குவதில் இரண்டு வேறு வேலைகள் இருப்பதைப் பிரித்துப் பார்க்காததில்தான். ஒன்று, கெட்டியான பெயிண்டைத் தூரிகையிலிருந்தோ ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) முனையிலிருந்தோ தடையின்றி ஓட வைப்பது. மற்றொன்று, கீழே உள்ள நிறம் தெரியும்படி பெயிண்டின் மறைக்கும் திறனைக் குறைப்பது. முதல் வேலைக்குத் தண்ணீரோ தின்னரோ போதும். இரண்டாவது வேலைக்குத் தண்ணீரை நம்பினால் நீங்கள் கண்ட கோடும் பொடியும்தான் கிடைக்கும். அதற்கு உரியது மீடியம். இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், எந்தக் குப்பியை எடுப்பது, எத்தனை சொட்டு விடுவது என்பதெல்லாம் தானாகவே தெளிவாகும்.

அக்ரிலிக் பெயிண்டில் முக்கியமானவை மூன்று: நிறத்தைத் தரும் நிறமித் துகள்கள், அவற்றை ஒன்றோடொன்றும் பரப்போடும் ஒட்டவைக்கும் அக்ரிலிக் பிணைப்பான், இவை இரண்டையும் சுமந்து செல்லும் தண்ணீர். பிணைப்பான் தண்ணீரில் கரைந்திருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது அந்த உருண்டைகள் நெருங்கி, ஒன்றையொன்று அழுத்தி, உருகிச் சேர்ந்ததுபோல் ஒரே படலமாகின்றன. இவை தவிர, நுரையைக் கட்டுப்படுத்தவும், துகள்கள் அடியில் தங்காமல் இருக்கவும், பரப்பில் பெயிண்ட் படர்ந்து நனைக்கவும், படலம் சரியாக உருவாகவும் சிறிய அளவில் பல சேர்மானங்கள் இருக்கும். உற்பத்தியாளர் இவை அனைத்தையும் ஒன்றோடொன்று சமன்செய்து குப்பியில் அடைத்திருக்கிறார் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நாம் எதைக் கலந்தாலும் அந்தச் சமநிலையைக் கொஞ்சம் கலைக்கிறோம்.

இனி தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஒரு சொட்டுப் பெயிண்டில் நிறமி ஒரு பங்கும் பிணைப்பான் இரண்டு பங்கும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்துச் சொட்டுத் தண்ணீர் விட்டாலும் காய்ந்தபின் மிஞ்சுவது அதே ஒன்றுக்கு இரண்டுதான். தண்ணீர் அதிகமானால் பிணைப்பான் ‘உடைந்துபோகும்’ என்று பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஆகவே முழுமையானதல்ல. நடப்பது வேறு. அதே அளவுப் பொருள் மிகப் பெரிய பரப்பில் பரவுவதால், தொடர்ச்சியான படலம் உருவாவதற்குப் பதிலாக ஆங்காங்கே தீவுகளாகப் படிகிறது. துகள்களைத் தாங்கிப் பிடித்திருந்த கெட்டிப்படுத்திகளும் நனைக்கும் சேர்மானங்களும் நீர்த்துப்போவதால், கனமான நிறமி பிரிந்து அடியில் இறங்குகிறது. மாடல்களுக்கென விற்கப்படும் மேட் பெயிண்டுகளில் நிறமியின் விகிதம் முதலிலேயே அதிகம்; பளபளப்பு வரக்கூடாது என்பதற்காகப் பிணைப்பானை அளந்துதான் சேர்த்திருப்பார்கள். அவற்றின் படலம் இயல்பாகவே மென்மையானது. அதைத் தண்ணீரால் இன்னும் சிதறடித்தால் விரலில் ஒட்டிக்கொண்டு வருவதில் வியப்பில்லை.

பரப்பும் இதில் பங்கு கொள்கிறது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு ஏறத்தாழ 72 மில்லிநியூட்டன். மாடல் செய்யப் பயன்படும் பாலிஸ்டைரீனின் பரப்பு ஆற்றல் அதில் ஏறத்தாழப் பாதிதான். அதனால்தான் சுத்தத் தண்ணீர் பிளாஸ்டிக்கின் மேல் படராமல் முத்துமுத்தாகத் திரள்கிறது. துணியோ காகிதமோ தண்ணீரை உறிஞ்சி நிறமியைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஓவியர்கள் அக்ரிலிக்கை வாட்டர்கலர் போல நீர்க்க வைத்துப் பூசித் தப்பித்துக்கொள்ளலாம். உறிஞ்சாத, வழவழப்பான மாடல் பரப்பில் அந்தச் சலுகை கிடையாது. ஓவியர்களின் அனுபவக் குறிப்புகளை அப்படியே மாடலுக்குக் கொண்டுவருபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஓரத்தில் விழும் கோட்டுக்கும் காரணம் உண்டு. மேசையில் சிந்திய காபி காய்ந்தபின் நடுவில் வெளிறியும் விளிம்பில் கருத்தும் வளையமாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். தேங்கிய துளியின் விளிம்பில் ஆவியாதல் விரைவாக நடக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது நிறமியையும் அள்ளிச் சென்று அங்கே குவிக்கிறது. நீர்த்த பெயிண்டில் துகள்களுக்கு இந்த ஓட்டத்தைத் தடுக்க எதுவுமில்லை. மீடியத்தில் இருக்கும் பிணைப்பான் துளியின் கெட்டித்தன்மையைக் குறைக்காமல் வைத்திருப்பதால் துகள்கள் இருந்த இடத்திலேயே மாட்டிக்கொள்கின்றன. ஓரக்கோடு முற்றிலும் மறையாவிட்டாலும் வெகுவாகக் குறைகிறது.

மீடியம் என்பது நிறமி இல்லாத பெயிண்ட் என்று வைத்துக்கொண்டால் தவறில்லை. அதே அக்ரிலிக் பிணைப்பான், அதே தண்ணீர், ஏறக்குறைய அதே சேர்மானங்கள். நிறம் மட்டும் இல்லை. அதைக் கலக்கும்போது பெயிண்டின் படலம் சிதறுவதில்லை. நிறமித் துகள்களுக்கு இடையே உள்ள தூரம்தான் கூடுகிறது. தொடர்ச்சியான, ஒட்டும் தன்மையுள்ள, ஒளி ஊடுருவும் ஒரு படலத்தில் துகள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதிந்திருக்கும். ஒளி அதன் வழியே சென்று, கீழ்நிறத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. இரு நிறங்களும் கண்ணில் கலக்கின்றன.

இங்கே புதியவர்களை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. குப்பியில் மீடியம் வெண்மையாகத் தெரியும், காய்ந்தால்தான் தெளியும். மிதக்கும் பிணைப்பான் உருண்டைகளுக்கும் தண்ணீருக்கும் ஒளிவிலகல் எண் வேறு என்பதால் ஒளி சிதறி வெண்மையாகத் தோன்றுகிறது. தண்ணீர் போய் உருண்டைகள் ஒன்றுசேர்ந்தவுடன் சிதறல் நின்றுவிடுகிறது. ஆகவே ஈரமாக இருக்கும்போது நீங்கள் பார்க்கும் நிறம் உண்மையான நிறமல்ல. காய்ந்தால் அது கொஞ்சம் அடர்ந்தும் தெளிந்தும் மாறும். ஈரத்தில் ‘போதவில்லையே’ என்று இன்னோர் அடுக்கைப் பூசிவிட்டு, காய்ந்தபின் அதிகமாகிவிட்டதே என்று வருந்துவது வழக்கமான கதை. ஒவ்வோர் அடுக்கும் முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் பற்றி முடிவெடுங்கள்.

நிறமியின் தேர்வு மீடியத்தின் அளவைவிட முக்கியமானது என்பது என் கருத்து. ஆனால் இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. வெள்ளை நிறத்துக்குப் பயன்படும் டைட்டானியம் டையாக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7; அக்ரிலிக் படலத்தினுடையது 1.5 அளவில் இருக்கும். இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பதால்தான் வெள்ளை எதையும் மறைத்துவிடுகிறது. எவ்வளவு மீடியம் ஊற்றினாலும் வெள்ளை கலந்த நிறம் கண்ணாடிபோல் ஊடுருவாது. மெல்லிய சுண்ணாம்புப் புகைபோலவே படியும். தாலோ நீலம், தாலோ பச்சை, குவினாக்ரிடோன் சிவப்புகள், ஒளி ஊடுருவும் வகை இரும்பு ஆக்சைடுகள் போன்றவை அப்படியல்ல. கொஞ்சம் மீடியத்திலேயே நிறக்கண்ணாடி போல் ஆகிவிடும். உங்கள் டாங்கிக்கு இதன் பொருள் என்ன? வெளிறலைக் காட்ட வெள்ளை கலந்த பச்சை பொருத்தமே, ஏனெனில் வெயிலில் நைந்த பெயிண்டும் மேலே படிந்த தூசியும் உண்மையிலேயே அந்தச் சுண்ணாம்புத் தோற்றத்தைத்தான் தரும். ஆனால் வெறும் வெள்ளையைவிட வெளிர்மஞ்சளோ மணல் நிறமோ கலந்தால் பச்சை உயிரோடு இருக்கும்; வெள்ளை அதைச் செத்த நிறமாக்கும். நிழலுக்கு வெள்ளை கலந்த எதையும் தொடாதீர்கள், கருப்பும் வேண்டாம். அடர்பழுப்போடு துளி நீலம் சேர்த்து மீடியத்தில் கரைத்தால் வரும் நிழலுக்கு ஆழம் இருக்கும்.

மீடியங்களில் வகைகள் பல, பெயர்களோ குழப்புபவை. மேட் மீடியத்தில் பளபளப்பைக் கொல்லும் சிலிகா போன்ற துகள்கள் இருக்கும். கிளாஸ் (பளபளப்பான) மீடியத்தில் அவை இருக்காது. அதுவே மிகத் தெளிவானது. கிளேஸ் எனப்படும் ஊடுருவும் மெல்லிய அடுக்குகளுக்கான கிளேஸ் மீடியத்தில் காய்வதைத் தாமதப்படுத்தும் பொருள் சேர்ந்திருப்பதால் தூரிகையால் ஓரங்களை இழுத்துக் கரைக்க அவகாசம் கிடைக்கும். வயேஹோ நிறுவனத்தின் வரிசையில் மேட் மீடியம் 70.540, கிளேஸ் மீடியம் 70.596, தின்னர் மீடியம் 70.524 ஆகிய எண்களில் கிடைக்கின்றன. இவை போக ஏர்பிரஷ் தின்னர், ஃப்ளோ இம்ப்ரூவர் (ஓட்டத்தைச் சீராக்குவது), ரிடார்டர் மீடியம் (காய்வதைத் தாமதப்படுத்துவது) என்று தனித்தனிக் குப்பிகள் உண்டு. கடைசி இரண்டும் பெயிண்டை ஊடுருவும்படி ஆக்குவதற்கு உரியவையல்ல. சொட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டிய துணைப்பொருள்கள். சிட்டடெல் பெயிண்ட் வரிசையில் லாமியன் மீடியம் பொதுப் பயன்பாட்டுக்கும், 2019-இல் கான்ட்ராஸ்ட் பெயிண்டுகளோடு வந்த கான்ட்ராஸ்ட் மீடியம் அந்தப் பெயிண்டுகளின் அடர்த்தியைக் குறைப்பதற்கும் உரியவை. கான்ட்ராஸ்ட் மீடியம் குழிகளில் இறங்கித் தேங்கும்படி வடிவமைக்கப்பட்டது; டாங்கியின் தட்டையான பக்கவாட்டில் அதைப் பயன்படுத்தினால் மறுபடியும் திட்டுகளே வரும். ஒரே ஒரு குப்பிதான் வாங்க முடியும் என்றால், தூரிகை வேலைக்குக் கிளேஸ் மீடியத்தை வாங்குங்கள்.

கோல்டன், லிக்விடெக்ஸ் போன்ற நிறுவனங்கள் ஓவியர்களுக்காகத் தயாரிக்கும் மீடியங்களும் நீர் சார்ந்த மாடல் பெயிண்டுகளோடு பொதுவாக நன்றாகவே கலக்கும். அளவும் தாராளமாகக் கிடைக்கும். கெட்டியான ஜெல் வகைகளைத் தவிர்த்து, ஓடும் தன்மையுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். அக்ரிலிக் வார்னிஷையும் அவசரத்துக்கு மீடியமாகப் பயன்படுத்தலாம். சிலர் தரைக்குப் பூசும் நிறமற்ற அக்ரிலிக் பாலிஷில் நிறம் கலந்து பூசுவார்கள். வேலை நடக்கும்; ஆனால் அந்தப் பாலிஷ் அம்மோனியாவில் கரைந்துவிடும் என்பதால், அதன்மேல் அம்மோனியா அடங்கிய துப்புரவுத் திரவம் பட்டால் அடுக்கு முழுவதும் கிளம்பிவிடும்.

எந்த மீடியத்தை வாங்கினாலும், உங்கள் பெயிண்ட் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அக்ரிலிக் என்று எழுதப்பட்ட எல்லாமே ஒன்றல்ல. வயேஹோ, சிட்டடெல் போன்றவை நீர் சார்ந்தவை. டாமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகளும் மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையும் தண்ணீரோடு கலக்கக்கூடியவை என்றாலும், ஆல்கஹால் வகைக் கரைப்பான்களைச் சார்ந்தவை. நீர் சார்ந்த பெயிண்டில் ஆல்கஹாலை ஊற்றினால், மிதந்துகொண்டிருக்கும் பிணைப்பான் திரிந்து, நூல்நூலாகவும் கட்டிகட்டியாகவும் ஆகிவிடும்; ஏர்பிரஷுக்குள் இது நடந்தால் முழுவதையும் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். டாமியா பெயிண்டை ஊடுருவும்படி ஆக்க அதே குடும்பத்தின் நிறமற்ற பெயிண்டான எக்ஸ்-22-ஐ மீடியமாகக் கொண்டு, எக்ஸ்-20ஏ தின்னரால் ஓட்டத்தைச் சரிசெய்வதே பாதுகாப்பானது. மேட் வேண்டுமானால் எக்ஸ்எஃப்-86 நிறமற்ற மேட் இருக்கிறது. வேறு நிறுவனப் பொருள்களைக் கலக்க ஆசைப்பட்டால், சிறு கிண்ணத்தில் இரண்டு சொட்டுகளைக் கலந்து, பத்து நிமிடம் விட்டுவைத்து, பல்குத்தியால் கிளறிப் பாருங்கள். திரிதிரியாக எதுவும் வராவிட்டால் பயன்படுத்தலாம்.

இனி செய்முறைக்கு வருகிறேன். தூரிகையால் பூசுவதற்கு, ஒரு பங்கு பெயிண்டுக்கு நான்கு முதல் எட்டுப் பங்கு மீடியம் என்பது நல்ல தொடக்கம். வெள்ளை கலந்த நிறமானால் எட்டை ஒட்டியும், சில சமயம் பத்து வரையும் போக வேண்டியிருக்கும். இந்தக் கலவை பெரும்பாலும் கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும்; அப்போதுதான் தண்ணீருக்கு வேலை. ஒன்று அல்லது இரண்டு பங்கு தண்ணீரோ தின்னரோ சேர்த்து ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள். மறைக்கும் திறனை மீடியத்தால் முடிவுசெய்து, ஓட்டத்தைத் தண்ணீரால் முடிவுசெய்கிறீர்கள், வரிசை மாறக்கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீராக இருந்தால் நல்லது, உப்பு மிகுந்த தண்ணீர் மெல்லிய அடுக்குகளில் வெண்பூச்சாகத் தெரியக்கூடும். கலவையைக் குலுக்காமல் கிளறுங்கள். மீடியம் எளிதில் நுரைக்கும், அந்த நுரை காய்ந்தால் ஊசிமுனைக் குழிகளாக நிற்கும். பாதி கருப்பும் பாதி வெள்ளையும் அடித்த பிளாஸ்டிக் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கலவையையும் இரண்டின் மேலும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். வெள்ளையின் மேல் நிறம் தெரிகிறதா, கருப்பின் மேல் எவ்வளவு புகைபோல் படிகிறது என்பதிலிருந்து அந்தக் கலவையின் ஊடுருவல் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இப்போது டாங்கியின் பீரங்கிக் கோபுரத்தின் பக்கவாட்டுத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடித்தள நிறம் குறைந்தது ஒரு நாளாவது காய்ந்திருக்க வேண்டும். பரப்பு மேட்டாகவோ சாட்டினாகவோ (அரைப் பளபளப்பாகவோ) இருப்பது நல்லது, கிளாஸ் வார்னிஷ் மேல் கிளேஸ் திரளும். முதலில் வெறும் கிளேஸ் மீடியத்தில் சிறிது தண்ணீர் கலந்து, தகடு முழுவதும் மிக மெல்லிதாக ஈரப்படுத்துங்கள். பிறகு நிறக்கலவையில் தூரிகையைத் தோய்த்து, உறிஞ்சுதாளில் ஒற்றி எடுங்கள். பெருவிரல் நகத்தின் மேல் ஒரு கோடு இழுத்தால் அது நகத்தின் ஓரப் பள்ளத்துக்குள் ஓடாமல் இழுத்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஓடினால் தூரிகையில் பெயிண்ட் இன்னும் அதிகம். இப்போது தகட்டின் அடிப்பகுதியில் தொடங்கி, வெயில் அதிகம் படும் மேல் விளிம்பை நோக்கித் தூரிகையை இழுங்கள். கோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் நிறமி அதிகமாகப் படியும். ஆகவே நிறம் எங்கே அதிகம் வேண்டுமோ அந்தத் திசையில்தான் எப்போதும் இழுக்க வேண்டும். முதல் அடுக்கில் எதுவும் நடந்ததாகத் தெரியாது; அப்படித் தெரியாமலிருப்பதே நல்ல அறிகுறி. அது காய்ந்ததும் அடுத்தது, இம்முறை கொஞ்சம் உயரத்தில் தொடங்கி; பிறகு இன்னும் உயரத்தில். மூன்று, நான்கு அடுக்குகளில் கீழே அடர்ந்தும் மேலே வெளிறியும், எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடியும் நிறம் மாறியிருக்கும்.

இதில் பொறுமை தேவைப்படும் இடம் அடுக்குகளுக்கு இடைப்பட்ட நேரம். பாதி காய்ந்த படலத்தின் மேல் ஈரத் தூரிகை மறுபடியும் பட்டால் அது தோல்போல் உரிந்து, கீழ்நிறம் வரை திறந்துகொள்ளும். அப்படி உரிந்தால் உடனே திருத்த முயலாமல் விட்டுவிடுங்கள். தொடத் தொடப் பெரிதாகும். முழுதாகக் காயவிட்டு, மிக நுண்ணிய உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, மேலே பூசிக்கொள்ளலாம். வழக்கமாக ஓர் அடுக்குக்குப் பதினைந்து முதல் இருபது நிமிடங்கள் போதும். கிளேஸ் மீடியமும் ரிடார்டரும் சேர்ந்திருந்தால் அதற்கும் மேல் ஆகும். முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்துப் பயன்படுத்தலாம். ரிடார்டரை இரண்டு சொட்டு அதிகமாக விட்டவர்கள் மறுநாளும் பிசுபிசுப்பான பரப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஃப்ளோ இம்ப்ரூவரும் அளவு மீறினால் படலத்தை மென்மையாக்கும்.

ஏர்பிரஷில் கணக்கு சற்று மாறும். அங்கே ஓரக்கோட்டுத் தொல்லை குறைவு, ஏனெனில் பெயிண்ட் நுண்துளிகளாக விழுந்து உடனே காய்கிறது. அதனாலேயே ‘தின்னர் மட்டும் போதும்’ என்பவர்கள் பெரும்பாலும் ஏர்பிரஷ் பயன்படுத்துபவர்களாக இருப்பார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. ஆனாலும் தின்னரால் மட்டும் மிகவும் நீர்க்க வைத்த பெயிண்ட் பரப்பில் விழுந்தவுடன் காற்றழுத்தத்தால் சிலந்திக் கால்களாகச் சிதறும். படிந்ததும் கையாளும்போது தேய்ந்துவிடும். ஒரு பங்கு பெயிண்ட், மூன்று அல்லது நான்கு பங்கு மீடியம், பிறகு ஓடும் அளவுக்கு ஏர்பிரஷ் தின்னர் என்று கலந்து, 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், அருகில் பிடித்து, சிறிது சிறிதாக அடியுங்கள். மீடியத்தில் பிணைப்பான் மிகுதி என்பதால் முனையில் காய்ந்து அடைக்கும். ஊசிமுனையை ஈரத் தூரிகையால் அவ்வப்போது துடைப்பதும், ஒரு சொட்டு ஃப்ளோ இம்ப்ரூவர் சேர்ப்பதும் இதற்கு மருந்து. மேட் மீடியத்தின் துகள்கள் 0.2 மில்லிமீட்டர் முனையில் தொல்லை தரக்கூடும், 0.3 அல்லது அதற்கு மேற்பட்ட முனையே வசதி. நீர் சார்ந்ததுதானே என்று முகமூடி இல்லாமல் அடிக்க வேண்டாம், நுண்துளிகள் நுரையீரலுக்குள் போவதில் வேறுபாடு எதுவும் இல்லை.

மீடியம் சேர்ப்பதற்கு ஒரு விலை உண்டு: பளபளப்பு கூடும். படலத்தில் நிறமியின் பங்கு குறைந்து பிணைப்பானின் பங்கு கூடினால் பரப்பு வழவழப்பாகிறது. மேட் பச்சையின் மேல் கிளாஸ் அல்லது கிளேஸ் மீடியத்தில் செய்த வெளிறல் பக்கவாட்டு ஒளியில் மினுமினுப்பான திட்டாகத் தெரிந்து, நிறம் சரியாக இருந்தும் வேலை கெட்டதுபோல் தோன்றச் செய்யும். இதற்கு அஞ்சி எல்லாவற்றிலும் மேட் மீடியத்தைக் கலப்பது தவறான தீர்வு. மேட் துகள்கள் பரப்பை நுண்ணளவில் சொரசொரப்பாக்கி ஒளியைச் சிதறடிப்பதால்தான் பளபளப்பு போகிறது. அடுக்கின்மேல் அடுக்காக அவை சேர்ந்தால் அடர்நிறங்களின் மேல் வெண்பனி மூடியதுபோல் ஆகிவிடும், குறிப்பாகக் கருப்பிலும் கருநீலத்திலும். அத்துகள்கள் குப்பியின் அடியில் தங்கியிருந்து, கடைசிச் சொட்டுகளில் மொத்தமாக வந்துவிழுவதும் உண்டு. பயன்படுத்துமுன் குப்பியை நன்றாகப் புரட்டிப் புரட்டிக் கலக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது, பளபளப்பைப் பற்றிக் கவலைப்படாமல் கிளேஸ் மீடியத்திலேயே வேலையை முடித்துவிட்டு, கடைசியில் மாடல் முழுவதற்கும் ஒரே மேட் வார்னிஷ் அடித்துச் சமன்செய்வதுதான்.

மீடியம் தேவைப்படாத வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். அடித்தள நிறம் மறைக்க வேண்டும், ஊடுருவக்கூடாது. அதற்குத் தண்ணீரோ தின்னரோ மட்டுமே. கீறல்களையும் பெயிண்ட் உதிர்ந்த தடங்களையும் வரைவதற்கும் அப்படியே. சேறு, தூசி போன்றவற்றில் ஓரக்கோடு விழுவது சில சமயம் வேண்டியதே. காய்ந்த மழைத்தடத்துக்கு நீர்த்த பெயிண்டின் வளையத்தைவிட இயல்பான தோற்றம் வேறெதிலும் வராது. தகடுகளின் இணைப்புக் கோடுகளில் இறக்கும் நீர்த்த அடர்நிறப் பூச்சான வாஷுக்கு மீடியம் கலந்த அக்ரிலிக்கும் உதவும் என்றாலும், துடைத்துத் திருத்த முடியும் என்பதால் எனாமலோ எண்ணெய் வண்ணமோ அதற்கு மேலானது.

மாறாக, மீடியம் இல்லாமல் நடக்கவே நடக்காத வேலைகள் சில உண்டு. விமான மாடலின் கண்ணாடிக் கூண்டுக்கு மெல்லிய புகைநிறம் ஏற்ற, கிளாஸ் மீடியத்திலோ எக்ஸ்-22-இலோ எக்ஸ்-19 புகைநிறத்தைச் சில சொட்டுகள் கலந்து ஏர்பிரஷால் உட்புறம் அடிக்க வேண்டும். இங்கே மேட் மீடியத்தின் ஒரு சொட்டு பட்டாலும் கண்ணாடி மங்கிவிடும். டிகால்கள் (எண்களும் குறியீடுகளும் அச்சிட்ட ஒட்டுப்படங்கள்) ஒட்டியபின் அவை மட்டும் புதிதாகப் பளிச்சென்று நிற்கும் என்பது எல்லாரும் அறிந்த தொல்லை. அடித்தள நிறத்தையே ஒன்றுக்குப் பத்து அளவில் மீடியத்தில் கரைத்து, டிகாலின் மேலும் சுற்றிலும் ஓர் அடுக்குப் பூசினால் அது பின்னணியோடு அடங்கிவிடும். உங்கள் டாங்கியில் எண்களும் குறியீடுகளும் இருந்தால், வெளிறல் அடுக்குகளை டிகால் ஒட்டியபின் பூசுவதே சரியான வரிசை.

ஏற்கெனவே பொடியாக உதிரும் பகுதியை என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. உரித்தெடுக்கத் தேவையில்லை. மென்மையான உலர்ந்த தூரிகையால் தளர்ந்த பொடியைத் தட்டிவிட்டு, ஓரக்கோடுகள் தடித்திருந்தால் நுண்ணிய உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்து, அதன்மேல் மீடியமும் தின்னரும் சரிபாதி கலந்த நிறமற்ற அடுக்கு ஒன்றை ஏர்பிரஷால் அடியுங்கள். ஏர்பிரஷ் இல்லையென்றால் குப்பியில் வரும் ஸ்பிரே வார்னிஷ் போதும்; தூரிகை வேண்டாம், அது பொடியை இழுத்துக்கொண்டு போகும். தளர்ந்து கிடந்த நிறமிக்குக் கிடைக்காமல் போன பிணைப்பான் இந்த அடுக்கிலிருந்து கிடைத்துவிடும். அது காய்ந்தபின் அடித்தளப் பச்சையை ஒன்றுக்கு எட்டு அளவில் மீடியத்தில் கலந்து, மிச்சமிருக்கும் கோடுகளின் மேல் ஓரிரு அடுக்குகள் பூசினால் அவை அடங்கும். பிறகு வெளிறலைப் புதிதாகத் தொடங்கலாம்.

எல்லாம் முடிந்ததும் எண்ணெய் வண்ணமோ எனாமல் வாஷோ பூசுவதாக இருந்தால், கடைசி அடுக்குக்குப் பின் ஒரு முழு நாளாவது விட்டுவையுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டுவதாக இருந்தால் அதற்கும் கூடுதலாக. நன்றாக இறுகிய அக்ரிலிக் படலத்தை, எண்ணெய் வண்ணத்தையும் எனாமலையும் கரைக்கும் வைட் ஸ்பிரிட் அசைக்காது, ஆனால் மீடியம் மிகுந்த அடுக்குகள் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும் உள்ளே வெகுநேரம் மென்மையாகவே இருக்கும்.